பதினாலாம் பாடமும் ஓர் இடது காதும்

என் மனைவியின் இடது காதை நான் உடைத்தது ஓர் ஆங்கில வார்த்தைக்காக. இதற்கு முன் இரண்டு மூன்று பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ‘கை தவறிப் பட்டுவிட்டது’ என்றுதான் சொன்னேன். கை தவறவில்லை. வெல்டருக்குக் கை தவறினால் சோறு கிடையாது. பார்த்து, ஓங்கி, உள்ளங்கையை விரித்து அடித்த அடி அது. இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. சொன்ன பொய்யை மாறாமல் ஞாபகம் வைத்துக்கொள்ள மூளையில் இனி இடம் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் இருந்தோம். பத்துக்குப் பத்து கோலி, அதாவது ஒற்றை அறை, மேலே தகரம், எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். எனக்கு இருபத்தெட்டு வயது, அவளுக்கு இருபத்து மூன்று, மகளுக்கு மூன்று. இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்தான். ஆனால் நான் ஊரில் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு ரயில் ஏறியவன். அவள் தாராவியிலேயே பிறந்து, முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். இந்த மூன்று வகுப்பு வித்தியாசம் கல்யாணத்தின்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பட்டது.

குர்லாவில் ஒரு பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் வாயால் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெல்டிங் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டால் சுத்தியல் பிடியால் விரல் முட்டியில் ஓர் அடி. கசடைத் தட்டாமல் பெயின்டுக்கு அனுப்பினால் இரண்டு. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நெருப்பைப் பார்த்தால் பிடரியில். ஏழே மாதத்தில் என் கை நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அடித்ததால்தான் வேலை வந்தது என்று நம்பினேன். அந்தப் பட்டறையில் பழகிய எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். சாயங்காலம் அவரவர் வீட்டுக்கு அந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போனோம்.

வீட்டில் நான் அடிப்பவன். குழம்பில் உப்புக் கூடினால் அடித்தேன். தண்ணீர் வரிசையில் யாரோடாவது சிரித்துப் பேசினால் அடித்தேன். பட்டறை முதலாளி சேட்டு என்னைத் திட்டிய நாட்களில் காரணம் தேடாமலே அடித்தேன். பக்கத்துக் கோலிகளிலும் இதே சத்தம்தான், அதனால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் சத்தம் கேட்காத நாளில்தான் பக்கத்து வீட்டுக்காரி, “ஊருக்குப் போயிட்டாவளோ?” என்று விசாரிப்பாள். இதைப் பட்டறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் தாதரில் ஓர் ஏஜென்டு ஆபீஸில் சவுதிக்கு ஆள் எடுத்தார்கள். வெல்டராகப் போனால் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேரோடு படுக்கை. ஃபோர்மேனாகப் போனால் தனி அறை, கைக்குக் கீழே பத்து ஆட்கள். எனக்கு ஃபோர்மேன் ஆக வேண்டும். ஏஜென்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“ஃபோர்மேன்னா வேலை தெரிஞ்சா மட்டும் போதாது பாய். டிசிஷன் எடுக்கணும். சாகேப் வந்து நிப்பான், என்ன முடிவு பண்ணியிருக்கேன்னு இங்கிலீஷ்ல கேப்பான். நீ பேபேன்னு முழிச்சா அடுத்த ஃபிளைட்ல வாபஸ்.”

இன்டர்வியூவுக்கு ஆறு வாரம் இருந்தது. அன்றைக்கே மாட்டுங்கா போய், கிங் சர்க்கிள் நடைபாதையில் குவித்துப் போட்டிருந்த பழைய புத்தகங்களைக் கிளறி, தமிழ் வழியாக ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு புத்தகத்தை எடுத்தேன். அட்டை கிடையாது. ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலும் போட்டிருந்தது, அது போதும் எனக்கு. முன்னால் வைத்திருந்தவர் மாட்டுங்கா ஆபீஸ்காரர் யாரோ போலிருக்கிறது, ஓரமெல்லாம் பென்சிலால் நுணுக்கி எழுதி வைத்திருந்தார். வீட்டுக்கு நடந்துகொண்டே புரட்டியதில் பதினாலாம் பாடம் கண்ணில் பட்டது. ‘தீர்மானம் செய்தல் பற்றிய வினைச்சொற்கள்’.

மொத்தம் பதினாறு சொற்கள். டிசைட் என்றால் தீர்மானி. சூஸ் என்றால் தேர்ந்தெடு. கன்சிடர், யோசித்துப் பார். அக்ரீ, ஒத்துக்கொள். ரெஃப்யூஸ், மறுத்துவிடு. போஸ்ட்போன், தள்ளிப்போடு. இன்சிஸ்ட், விடாப்பிடியாக நில். ஹெசிடேட், தயங்கு. என் ஃபோர்மேன் உத்தியோகம் மொத்தமும் அந்த இரண்டு பக்கத்துக்குள் இருப்பதாகத் தோன்றியது. மற்றப் பாடங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் மண்டையில் ஏற வேண்டுமே! எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். நான்கு நாள் முட்டி மோதிவிட்டு, ஐந்தாம் நாள் பட்டறையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுவந்து புத்தகத்தோடு சேர்த்து அவள் கையில் கொடுத்தேன்.

“நீ தமிழ்ல கேளு, நான் இங்கிலீஷ்ல சொல்லுதேன். தப்பாச் சொன்னா முட்டியிலயே அடிக்கணும். உஸ்தாத் அப்படித்தான் அடிப்பாரு.”

அவள் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் உங்கள அடிக்கவா?”

“நாந்தான சொல்லுதேன். அடிச்சாத்தான் ஏறும். அடிட்டி!”

தன்னை அடிக்கச் சொல்லிப் பெண்டாட்டி கையில் ஸ்கேல் கொடுத்தவன் தாராவியிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

தினமும் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் பாடம். அவள் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொள்வாள். நான் எதிரே சம்மணம் போட்டு, கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்காருவேன். நடுவில் மகள். முதல் சில நாட்கள் மனைவி ஸ்கேலால் தொட்டாள், அவ்வளவுதான். அதற்கே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். “பலமா அடி” என்று அதட்டினேன். அடுத்த வாரம் ஒருநாள் சுள்ளென்று விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு “இன்சிஸ்ட்” என்றேன். சரியான விடை. அவள் முகம் மலர்ந்ததை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் முதலில் பார்த்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

பாடம் நடந்த முதல் மூன்று வாரம் நான் அவளை அடிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடிக்காத மூன்று வாரத்தை எண்ணிச் சொல்ல முடிகிறது என்பதிலேயே மற்ற வாரங்களின் லட்சணம் தெரியும்.

பாடத்துக்கு நடுவில் பேச்சும் வரும். ஒருநாள் ‘சூஸ்’ பற்றிக் கேட்டாள்.

“தேர்ந்தெடுன்னு போட்டிருக்கு. நாம எதத் தேர்ந்தெடுத்தோம்?”

“ஏன், உன்னப் பொண்ணு பாக்க வந்து நான் தேர்ந்தெடுக்கல?”

“நீங்க பாக்க வந்தீய. நான் காப்பிதான கொண்டு வந்தேன்.”

கிண்டலாகத்தான் சொன்னாள். “அடுத்தத கேளு” என்றேன்.

புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறவளுக்குத்தான் பாடம் முதலில் வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது ஒரு விடியற்காலையில். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். குழாயடி என்பது எங்கள் வரிசையின் போர்க்களம். அன்று பின் வரிசையிலிருந்து ஒருத்தி தன் பிளாஸ்டிக் கேனை என் மனைவியின் குடத்துக்கு முன்னால் தள்ளியிருக்கிறாள். எப்போதும் ஒதுங்கிக்கொள்கிற இவள் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு “ஐ ரெஃப்யூஸ்!” என்றிருக்கிறாள். அவள் இவள் முடியைப் பிடித்து இழுக்க, இவள் பித்தளைக் குடத்தால் அவள் தோளில் போட, ஒரே ரணகளம். சத்தம் கேட்டு நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெற்றியில் ஒரு வீக்கம், கையில் நகக்கீறல், இடுப்பில் நிறைகுடம். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

“நம்ம பாடம் வேல செய்யுது!”

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ குறுகுறுத்தது. மூன்று வாரமாக நான் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்த வார்த்தையை அவள் தெருவுக்குக் கொண்டுபோய் உபயோகித்துவிட்டு வந்துவிட்டாள். அது என் வார்த்தை. என் சவுதி. அப்படித்தான் நினைத்தேன்.

நான்காம் வாரம் சனிக்கிழமை. பட்டறையில் ஒரு கேட்டின் அளவில் அரை அங்குலம் பிசகிவிட்டது. சேட்டு எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தான். ஹெல்பர்கள் கையில் வேலையோடு அப்படியே நின்று பார்த்தார்கள். நான் கேட்டை அறுத்து மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டு, லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு வந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அன்று பாடம் வேண்டாம் என்று. வீம்புக்கு உட்கார்ந்தேன்.

அவள் “தயங்கு” என்று கேட்டாள். வரவில்லை. முட்டியில் ஓர் அடி. மறுபடி கேட்டாள். நாக்கு நுனியில் நின்றது, வெளியே வரவில்லை. இரண்டாவது அடி. அவளுக்கு நான் அறை வாங்கி வந்தது தெரியாது, நான் சொல்லவும் இல்லை. மூன்றாவது முறை அவள் கேட்டதும் நடுவிலிருந்த மகள், மூன்று வயதுப் பிள்ளை, பாட்டுப் போல இழுத்துச் சொன்னாள்: “ஹெ...சி...டேட்.”

என் மனைவி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, விளையாட்டாக, அதே முட்டியில் மூன்றாவது அடியைப் போட்டாள். நான் அறைந்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. காகிதப் பையை ஊதி உடைத்த மாதிரி ஒன்று கேட்டது. அவள் தலை சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவள் அழவில்லை. காதிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு கழுத்துக்கு இறங்கி, அங்கிருந்து புத்தகத்தின் மேல் சொட்டியது. ஸ்கேலைக் கீழே வைத்தாள். புத்தகத்தை மூடினாள். பிறகுதான் காதைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டவ்வில் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை எனக்கு மறந்ததே இல்லை. உஸ்தாதின் முறையில் ஏதோ ஒன்று கற்றுக்கொண்டேன், அடி மட்டும் ஆள் மாறி விழுந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். ஜவ்வு கிழிந்துவிட்டது, உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, இந்தக் காதில் இனி கேட்பது சந்தேகம் என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

“கிஸ்னே மாரா?”

யார் அடித்தது? அவள் என்னைப் பார்த்தாள், மடியிலிருந்த மகளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நெற்றியில் அந்தப் பழைய வீக்கம் இன்னும் இருந்தது. குழாயடிச் சண்டை என்று இந்தியில் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைக் காப்பாற்றிவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், யோசித்து முடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

புதன்கிழமை வேலை விட்டு வந்தால் கோலி பூட்டிக் கிடந்தது. சாவி பக்கத்து வீட்டில். மகளைத் தூக்கிக்கொண்டு செம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே தேடிப் பார்த்தேன். இரண்டு சேலை, மகளின் சட்டைகள், பால் டம்ளர், பதினாலாம் பாடத்தோடு அந்தப் புத்தகம். இவை மட்டும் இல்லை. ஸ்கேல் மட்டும் சுவரோரம் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த கோபம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனதற்குத்தான். இன்டர்வியூவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

செம்பூருக்கு ஓடினேன். அவளைக் கண்ணிலேயே காட்டவில்லை. அவள் அண்ணன் வாசலை மறித்து நின்றான்.

“சங்கத்துல வச்சுப் பேசிக்கிடுவோம் மாப்ள. ஞாயித்துக்கிழம வாங்க.”

தாராவியில் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கும் அப்படி ஒன்று உண்டு. சண்டை, பாகப்பிரிவினை, ஓடிப்போனது, ஓட்டிவிட்டது எல்லாம் போலீசுக்குப் போகாமல் அங்கேதான் பேசி முடிப்பார்கள். முடிவைத் தலைவர் நோட்டில் எழுதுவார், இரண்டு பக்கமும் கையெழுத்து. எழுதியதை அடிக்கவோ திருத்தவோ கூடாது. பெண் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் அவளுக்காக அவள் பிறந்த வீட்டு ஆண் கையெழுத்துப் போடுவான். பெண்கள் உள்ளே வருவதில்லை, வெளியே படியில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களில் யாருக்கும் இதில் வித்தியாசமாக எதுவும் தோன்றியதில்லை.

எனக்கு அவள் திரும்பி வந்தே ஆக வேண்டும். நான் சவுதி போனால் கோலியில் ஆள் இருக்க வேண்டும், பூட்டிக் கிடக்கும் கோலியில் மூன்றாம் மாதம் வேறு எவனாவது சமைத்துக்கொண்டிருப்பான். அது ஒரு காரணம். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனவன் என்ற பேரோடு ஏரோப்ளேன் ஏறப் பிடிக்கவில்லை, அது இன்னொன்று. அவளே வேண்டும் என்பது மூன்றாவது. அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருபது பேர் இருந்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது. காது போனது தப்புதான் என்று நான் ஒத்துக்கொண்டேன். அவள் என்னை ஸ்கேலால் அடித்ததும் தப்புதான் என்று அவள் அண்ணன் ஒத்துக்கொண்டான். ஸ்கேலைக் கொடுத்ததே நான்தான் என்று நான் சொல்லவில்லை. தலைவர் எழுதிக்கொண்டே வாசித்தார்.

“கணவர் இனிமேல் காரணமில்லாமல் மனைவியை அடிக்கக் கூடாது. மனைவி வருகிற புதன்கிழமை கணவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சரிதானல?”

காரணமில்லாமல்! இன்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்று அது எனக்கு நியாயமான தீர்ப்பாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். தலைவர் பேனாவை அவள் அண்ணனிடம் நீட்டினார். அப்போது வாசலில் நிழல் தட்டியது.

“அண்ணே, அத எங்கிட்ட குடுங்க.”

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, காதில் பஞ்சோடு நின்றாள். தலைவர் சிரித்தார். “உனக்கு எதுக்கு தாயி? அதான் அண்ணன் போடுதாம்லா.”

“போகப்போறது நானா, அண்ணனா?”

யாரும் எதுவும் சொல்வதற்குள் மகளை இறக்கிவிட்டு, உள்ளே வந்து, அண்ணன் விரலிலிருந்து பேனாவை எடுத்து, மேஜை மேல் குனிந்து எழுதினாள். எட்டாவது வரை படித்த கை. வேகமாகவும் இல்லை, நடுங்கவும் இல்லை. எழுதியதைத் தானே வாசித்தாள்.

“நான் போக மறுக்கிறேன். நன்றாக யோசித்துத் தீர்மானித்திருக்கிறேன்.”

பேச்சில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அது புத்தகத் தமிழ். பதினாலாம் பாடத்தின் வலது பக்கத்தில், ஆங்கில வாக்கியங்களுக்கு எதிரே அச்சடித்திருந்த தமிழ். இருபது பேரில் எனக்கு மட்டும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கீழே கையெழுத்தும் போட்டாள்.

அவள் அண்ணன் அறைந்தான். சபையில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அதே இடது பக்கத்தில் அறைந்தான். பஞ்சு தெறித்துக் கீழே விழுந்தது. அடுத்து நான் என்ன செய்தேன் என்பதுதான் என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் கேவலமான ஞாபகம். நான் அவன் மேல் பாய்ந்தேன்.

“எம் பொண்டாட்டி மேல கை வைக்க நீ யாருல?”

நாற்காலி உடைந்தது. தலைவர் கீழே விழுந்தார். விலக்க வந்தவர்களும் அடி வாங்கினார்கள், வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா, திருப்பிக் கொடுத்தார்கள். என் உதடு கிழிந்தது. மச்சானுக்கு முன்பல் ஒன்று போனது. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவளை அடித்ததற்காக, அவளுக்காக, அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு கதவருகே ஒரு நிமிஷம் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. எங்களைப் பிரித்து உட்கார வைத்தபோது அவள் போயிருந்தாள். எழுதியதை அடிக்கக் கூடாது என்பது விதி, அதனால் அந்த வரி இன்றும் அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை உதட்டில் தையலோடு தாதரில் போய் நின்றேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் இரண்டு இரும்புத் தகட்டைக் காட்டினார், ஒட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டுத் தாளில் வெல்டர் என்று எழுதிக்கொண்டார். ஃபோர்மேன் என்ற பேச்சே எழவில்லை. நானும் கேட்கவில்லை.

சவுதியில் நாலு வருஷம். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. எப்போது எழுவது, எப்போது தின்பது, எப்போது ஊருக்குப் போவது எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அந்தப் பதினாறு வினைச்சொற்களில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை, ‘யெஸ் சார்’ மட்டுமே போதுமாயிருந்தது. எங்கள் ஃபோர்மேன் ஆட்களை ஹெல்மெட்டால் அடிப்பான். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஒருமுறை அந்த அடி என் காதோரம் விழுந்தது. இரண்டு நாள் காதுக்குள் கொய்யென்ற சத்தம், யார் பேசினாலும் பாதிதான் கேட்டது. அந்த இரண்டு நாளும் அவளைத் தவிர வேறு நினைப்பில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. கடிதத்தில் எழுதவில்லை. நேரில்தான் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டேன்.

திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் செம்பூருக்குப் போனேன். மச்சான் முன்பல் இல்லாமல் சிரித்து, “வாங்க மாப்ள” என்றான். அவனும் தங்கையும் சமாதானமாகியிருந்தார்கள். ஆனால் அவள் அவன் வீட்டில் இல்லை, இரண்டு கதவு தள்ளித் தனியாக ஓர் அறை எடுத்திருந்தாள். ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைக்கிறாள் என்று சொல்லி அந்தக் கதவைக் காட்டினான்.

கதவு திறந்திருந்தது. அவள் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். அவளுடைய இடது பக்கம் வாசலை நோக்கி இருந்தது. சவுதியில் உருப்போட்டு வைத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“நான் செஞ்சது பெரிய தப்பு. என்ன மன்னிச்சிரு.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. காலர் முனையில் திருப்பி, நூலை அறுத்து, அடுத்ததை எடுத்தாள். என் நிழல் துணியில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“எப்பம் வந்தீய?”

“நேத்து.”

“ஏதும் சொன்னீயளா? அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது. இங்கன வந்து சொல்லுங்க.”

அவளைச் சுற்றி வலது பக்கம் போக மூன்று எட்டுதான். நடந்தேன். அங்கே அலமாரியில் மகளின் பள்ளிப் புத்தகங்கள். அவற்றின் நடுவே பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு அந்தப் புத்தகமும் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

“இப்பம் பிள்ள அதப் படிக்கா. அடிக்காமலே வருது.”

பிறகு முகத்தைத் திருப்பி, வலது காதை என் பக்கம் காட்டிக்கொண்டு காத்திருந்தாள். “என்ன சொன்னீய?”

“பிள்ள எப்ப வருவான்னு கேட்டேன்.”

ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

“அஞ்சு மணிக்கு. இருந்து பாத்துட்டுப் போங்க.”

ஸ்டூலைத் தன் வலப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள். மணி அப்போது மூன்றுகூட ஆகவில்லை. ஐந்து மணி வரை அவளுடைய நல்ல காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.